சூசைரட்ணம் கட்டிய முடிச்சு

யேசுரட்ணம் அண்ணை ஒஸ்லோ விமான நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம். ஸ்டோவ்னரில் தனியாக இருக்கிறார். கலியாணம் செய்யவில்லை. பயணிகள் விமானத்துக்குக் காத்திருக்கும் பெரிய மண்டபம் அவருடைய பொறுப்பு, பக்கத்துக் கழிப்பறைகள் என்னுடையவை. அந்த மண்டபத்துக் கண்ணாடிகளைத் தன் வீட்டு மாதா சுருவத்தைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

வேலைக்காரரும் சோதனை கடந்துதான் உள்ளே போகவேண்டும். முன்பு இருந்தது இரும்பைக் கண்டால் கத்தும் வாசல். போன வருடம் அதை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டு ஒன்றை வைத்தார்கள். உள்ளே நின்று கையைத் தூக்கினால் றேடார் போன்ற ஓர் அலை உடுப்பைக் கடந்துபோய், தோலில் பட்டுத் திரும்பி வரும். துணியோ, கடதாசியோ, உடுப்புக்குள் எது இருந்தாலும் திரையில் தெரியும் பொம்மை உருவத்தில் அந்த இடத்தில் மஞ்சள் பெட்டி விழும்.

முதல் நாளே அண்ணையின் இடுப்பில் விழுந்தது. அங்கே காவல் வேலை செய்கிற அஜந்தா எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், இடுப்பிலை என்ன வைச்சிருக்கிறியள்?"

"மடு மண், பிள்ளை. மாதா கோயில் மண். அரையிலை கட்டியிருந்தால் பாம்பு தீண்டாது."

"எயர்போட்டுக்குள்ளை பாம்பே? அப்ப எனக்கும் கொஞ்சம் தாங்கோ."

அண்ணையும் சிரித்தார். ஒரு நோர்வேக்காரர் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மூன்று கிழமை இப்படியே போனது. பிறகு மேலதிகாரி வந்து, தடவிப் பார்ப்பது போதாது, அதை அவிழ்த்துத் தட்டில் வைக்கவேண்டும், என்ன மண் என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார்.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே நான் சொன்னேன்: "ரெண்டு நிமிச வேலை அண்ணை. அவிட்டுக் குடுத்திட்டுத் திருப்பிக் கட்டுங்கோவன். மாதா கோவிக்க மாட்டா."

"மாதா கோவிக்க மாட்டா, தங்கச்சி. இது எங்கடை அண்ணன் கட்டினது."

தொண்ணூறாம் ஆண்டு பேசாலைக் கரையில் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோது, அண்ணன் சூசைரட்ணம் தன் இடுப்பில் நூலால் கட்டியிருந்த மண் பொட்டலத்தை அவிழ்த்துத் தம்பிக்குக் கட்டினாராம். "நீ அவிழ்க்காதை. அடுத்த வள்ளத்திலை வந்து நானே அவிழ்ப்பன்" என்றாராம். அடுத்த வள்ளம் வரவில்லை. கரை சேர்ந்தது என்றும் இல்லை, கடலில் தாண்டுபோனது என்றும் இல்லை, எந்தச் சேதியும் இல்லை. அன்றிலிருந்து நூல் நையும்போதெல்லாம் பழைய முடிச்சைத் தொடாமல் அதன் மேலேயே புது நூலைச் சுற்றி வந்திருக்கிறார்.

"நான் அவிட்டால் அவன் வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி" என்றார்.

அன்று இரவு அவருக்காக ஒரு செபமாலை சொன்னேன்.

திங்கட்கிழமை பெட்டி மறுபடி விழுந்தது. அஜந்தா தட்டை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவோ கேட்டுப் பாத்தன் அங்கிள். ஒருக்கா அவிட்டால் காணுமாம். கண்ணை மூடிக்கொண்டு அவிட்டு விடுங்கோ."

அண்ணை சட்டையை உயர்த்தி முடிச்சில் விரலை வைத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பிறகு சட்டையை இறக்கிவிட்டு, கழுத்தில் கிடந்த வேலை அட்டையைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"இதை வைச்சிருங்கோ பிள்ளை. வெளியிலை ஏதும் வேலை இருந்தால் தரச் சொல்லுங்கோ."

கடவுள் கிருபை, கொடுத்தார்கள். வந்திறங்குகிறவர்கள் வெளியே வரும் மண்டபத்தைக் கூட்டுவது. அங்கே சோதனை இல்லை. ஆனால் குளிர் உள்ளே அடிக்கும், சப்பாத்துப் பனி உருகி நாள் முழுக்க ஈரம். அவருக்கு முழங்கால் வருத்தமும் இருக்கிறது.

போன கிழமை வேலை முடிந்து அந்த வழியால் வந்தேன். பூவும் நோர்வேக் கொடியும் பிடித்துக்கொண்டு சனம் நின்றது. கதவு திறக்கும்போதெல்லாம் அண்ணையின் துடைப்பம் நின்றது. இளம் ஆட்கள் வந்தால் மறுபடி கூட்டத் தொடங்குவார். வயது போன ஆம்பிளைகள் வந்தால், அவர்கள் அவரைக் கடந்து போகும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இஞ்சை எப்பிடி அண்ணை வேலை?" என்று கேட்டேன்.

"அவனுக்கு இப்ப அறுபத்தேழு" என்றார் கதவைப் பார்த்தபடி. "முடி நரைச்சிருக்கும். கொட்டியும் இருக்கலாம். எனக்கு அவன்ரை முகத்தைப் பாத்து மட்டுப்பிடிக்க ஏலுமோ தெரியேல்லைத் தங்கச்சி."

கதவு திறந்தது.