சீமைக் கன்றுக்கு ஒரு கம்பளி

மகள் கணினியில் மிருகக்காட்சிசாலை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாப் பகுதிக்கு ஓநாயும் கரடியும் சிவப்பு மானும் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டாள். வீட்டு விலங்குகளின் பக்கத்தைத் திறந்ததும் பழுப்புக் கன்று ஒன்று கத்தியது. சிறுவயதில், மூணாறுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் பின்புறம் கேட்ட அதே குரல்.

எங்கள் மாடு சீமைக் கலப்பு. ஜூன் மாதத்து இடவப்பாதிப் பருவமழை கொட்டிய ஒரு காலையில் அது கன்று போட்டது. கன்று ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கியது. கொழுந்து பறிக்கக் கிளம்பிய அம்மா, எஸ்டேட்டில் கொடுத்திருந்த தன் கம்பளியை எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.

அப்பா சிரித்தார். "சீமை மாட்டுக்கு என்னத்தக் குளிரப் போவுது? அதுக ஊருல பனியிலயே கெடக்கும்."

"அதுக ஊரு எதுவா வேணா இருக்கட்டும். இது பொறந்தது நம்ம லயத்துல."

அம்மா பிளாஸ்டிக் தாளை மட்டும் சுற்றிக்கொண்டு மலையேறினாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்குக் கம்பளி இல்லை. கன்று பிழைத்துப் பசுவானது. நானும் தம்பியும் அதன் பாலில்தான் வளர்ந்தோம்.

திரையில் கன்றின் கீழே, 'குளிர் தாங்கும், கொட்டகை தேவையில்லை' என்று இருந்தது.

"ஒரு கொட்டகை போட்டு வை," என்றேன்.

"வேண்டாம்னு போட்டிருக்கேப்பா."

"உங்க தாத்தாவும் அப்படித்தான் சொன்னாரு. நீ போடு."

போட்டாள். கன்று மெல்ல நடந்து உள்ளே போய், காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.