ஃபியூஸில் சுற்றிய வெள்ளித்தாள்

வால்வு ஆம்ப்ளிஃபயர் மக்கர் பண்ணினால் எல்லோரும் ரேடியோக்காரரிடம்தான் ஓடுவார்கள். தான் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்திலெல்லாம் மனைவியின் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். அதுதான் அவர் கையெழுத்து.

அன்று பள்ளிக்கூட டீச்சர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. எரிந்துபோன ஃபியூஸ்மேல் சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டியிருந்தார்கள்.

"எந்த மடையன்மா இதைச் செஞ்சான்? வீடே பத்தி எரிஞ்சிருக்கும்! அவன் கையை உடைக்கணும்!"

டீச்சர் தரையைப் பார்த்தார். "ரொம்ப வருஷமாச்சுண்ணே. அவசரத்துக்கு இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு கொடுத்தாங்க."

ரேடியோக்காரர் விளக்கை அருகில் இழுத்தார். ஃபியூஸ் மாட்டும் கட்டையின் இரண்டு முனைகளிலும் மங்கிய சிவப்புப் பொட்டு. காது மடல்கள் சுட்டன. தலை நிமிரவில்லை.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "கையை உடைக்க வேணாம்ணே. அப்புறம் இதை யாரு சரி பண்றது?"