விருந்தாளிக்குப் போட்ட தொலைக்காட்சி

உதயகுமாரி ஒஸ்லோவின் சுரங்க ரயிலில் ஏறினால், யாராவது ஒருவருடைய வீட்டுக் கதையை அறியாமல் இறங்கமாட்டாள். பெட்டி முழுக்க இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் போய் ஒரு நோர்வேக்காரிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். இந்த நாட்டில் அது கிட்டத்தட்டக் குற்றம். பக்கத்தில் ஆள் வந்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுதான் இங்கே மரியாதை. உதயகுமாரிக்கு அப்போது அந்த மரியாதை பிடிபடவில்லை. "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று தன்னுடைய நொண்டி நோர்வேஜிய மொழியில் தொடங்கிவிடுவாள். ஆனால் தன் வீடு இருந்த ரொம்மனில் அவள் இறங்குவதற்குள் அந்தப் பெண் கைப்பேசியைத் திறந்து பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, முதியோர் இல்லச் சமையலறை ஒன்றில் வேலை பிடித்தவள் அவள். மொழி வகுப்பில் கற்றதை விட ரயிலிலும் பஸ்ஸிலும் வாயாடிக் கற்றதுதான் அதிகம். கணவர் குலசேகரம் பேசுவதற்குக் கூலி கேட்கிற ரகம். அதனால் அவருடைய பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். பள்ளிக்கூடக் கூட்டம், வைத்தியர், வீட்டுக்காரன், எல்லாருக்கும் அவள்தான் முன்னால் போவாள். பிழை பிழையாகப் பேசி, காரியத்தை முடித்துக்கொண்டு வருவாள்.

அவர்களுடைய ஒரே மகள் யதுர்ஷாவுக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது. ஒஸ்லோவில் பிறந்து, பிசிறில்லாத நோர்வேஜியம் பேசும் பிள்ளை. அம்மா ரயிலில் வாயைத் திறந்ததும் நான்கு இருக்கை தள்ளிப் போய் நின்று, யாரோ எவளோ என்பதுபோல வெளியே பார்ப்பாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் மாணவர் குடியிருப்பில் அறை எடுத்துக்கொண்டாள். ரொம்மன் வீடு அதே ரயிலில் எட்டிவிடும் தூரம்தான். படிக்க வசதி என்று சொன்னாள். அம்மாவின் குரல் எட்டாத இடத்தில் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டாள் என்பதுதான் உண்மை.

குரலா எட்டாது? ஞாயிற்றுக்கிழமையானால் உதயகுமாரி சாப்பாட்டுப் பையுடன் வந்து இறங்கிவிடுவாள். ஆறு அறைகள், ஆறு பிள்ளைகள், நடுவில் ஒரு பொதுச் சமையலறை. ரோல்ஸ் பொரிக்கும் வாசத்துக்கு முதலில் எழுந்து வருகிறவள் பக்கத்து அறை இங்வில். வடக்கே எங்கோ ஒரு தீவிலிருந்து வந்தவள். அவளுடைய தகப்பனுக்கு முழங்கால் வலி என்பது வரைக்கும் உதயகுமாரிக்குத் தெரியும். யதுர்ஷாவுக்கோ இங்விலுக்குத் தகப்பன் இருக்கிறாரா என்பதே தெரியாது.

அந்தச் சமையலறையின் மூலையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. முன்னர் குடியிருந்த யாரோ விட்டுப் போனது. அந்த நாட்களில் தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றும் அரச ஒளிபரப்புக்கு உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். மடிக்கணினியில் பார்த்தால் கேள்வி இல்லை, பெட்டி இருந்தால் கேள்வி உண்டு. ஆறு அந்நியர் பங்குபோடும் சமையலறையில் பெட்டி யாருடையது? யாருடையதும் இல்லை என்று பிள்ளைகள் தங்களுக்கு வசதியாகத் தீர்மானித்திருந்தார்கள். உரிமத்தைச் சோதிக்க வருகிறவர் கதவைத் தட்டலாம், கேட்கலாம், ஆனால் கூப்பிடாமல் உள்ளே வரமுடியாது. ஆகவே தெரியாத ஆள் தட்டினால் திறப்பதில்லை. ஜன்னலால் பார்த்தாலும் தெரியாதபடி பெட்டியின்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த விரிப்பைக் கண்டு உதயகுமாரி பூரித்துப்போயிருந்தாள். எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்குச் சட்டை தைத்துப் போடாத குறையாகத் துணி மூடி வைப்பது வழக்கம். "பாரன், எவ்வளவு துப்புரவான பிள்ளையள். தூசி படாமல் மூடி வைச்சிருக்குதுகள்" என்று மகளிடம் சொன்னாள். யதுர்ஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றாள். என்ன ஏது என்று விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவள் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலையில் யதுர்ஷா துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தாள். ஈரத் துணிக் கூடையுடன் திரும்பி வந்தபோது சமையலறையில் விரிப்பு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி சத்தமாக ஓடியது. அதற்கு எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நரைத்த மீசைக்காரர் ஒருவர் தேத்தண்ணியும் ரோல்ஸுமாக உட்கார்ந்திருந்தார். உதயகுமாரி பக்கத்தில் நின்று, இன்னொன்று எடுங்கோ என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். அவர் தட்டினார், உதயகுமாரி திறந்தாள். இங்கே தொலைக்காட்சி இருக்கிறதா என்று கேட்டார். பாவம், குளிருக்குள் வந்த மனுசன் போட்டி பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைப்பதுதானே முறை. உள்ளே கூப்பிட்டு, துணியை எடுத்து, போட்டுக் காட்டினாள். யாருடையது என்று அவர் கேட்க, "என்ரை மகளின்ரை. அவள் யூனிவர்சிற்றியிலை படிக்கிறாள்" என்று பெருமையாகப் பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தாள்.

மனிதர் யதுர்ஷாவின் பேரில் உரிமக் கட்டணத்தைப் பதிந்து கடமையைச் செய்தார், ரோல்ஸுக்கு நன்றியும் சொன்னார். அவர் போனதும் அறைகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். யதுர்ஷாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"ஏனம்மா கதவைத் திறந்தனீங்கள்?"

"ஆள் வந்து தட்டினால் திறக்காமல்?"

"உங்களுக்கு இந்த நாட்டிலை ஒண்டும் விளங்காது! இருவது வருசமா ஒண்டும் விளங்கேல்லை. எல்லா இடத்திலையும் போய் வாயைக் குடுத்து என்னை வெட்கப்படுத்துறீங்கள். தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருங்கோ, அது போதும்!"

தமிழில்தான் கத்தினாள். ஆனால் திட்டு விளங்க மொழி எதற்கு? இங்வில் சிரிக்க வந்தவள் சிரிப்பை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தாள். உதயகுமாரி பாத்திரங்களைக் கழுவி, விரிப்பைப் பழையபடி பெட்டிமேல் போட்டு, நுனிகளை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

கட்டணத்தை ஆறு பேரும் பங்குபோட்டுக் கட்டினார்கள், மறந்தும்விட்டார்கள். இங்வில் மட்டும் சில நாள், "உன் அம்மா ஏன் வருவதில்லை?" என்று கேட்டாள். உதயகுமாரி வந்துகொண்டுதான் இருந்தாள். கீழே வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டு, பையைக் கையில் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று திரும்பிவிடுவாள். மேலே வாங்கோ என்று யதுர்ஷா ஒருநாளும் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவளுக்குத் தன்மீதே வெறுப்பு வருகிறது.

காலம் போயிற்று. உரிமக் கட்டணத்தை அரசு எடுத்துவிட்டு வரியோடு சேர்த்தது. யதுர்ஷா மருந்தாளர் ஆனாள், கல்யாணம் முடித்தாள், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினாள். உதயகுமாரி ஓய்வு பெற்றாள். அவள் பேச்சு குறைந்ததை எல்லாரும் வயது என்றார்கள், யதுர்ஷாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வைத்தியர் எங்கே வலி என்று கேட்டால் உதயகுமாரி மகளைத் திரும்பிப் பார்ப்பாள். வயிறு அவளுடையது, பதில் மகளுடையது.

போன மாரிகாலத்தில் ஒருநாள் தாயும் மகளும் ஸ்ட்ரோம்மனில் சாமான் வாங்கிவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு நோர்வேஜியக் கிழவி ஏறினாள். பஸ்ஸில் எத்தனையோ இருக்கை கிடக்க, வந்து உதயகுமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். இங்கே இப்படி நடப்பது அபூர்வம். "நல்ல குளிர்" என்றாள், "இது உங்கள் மகளா?" என்றாள். பேசுவதற்கு ஆள் தேடி வந்த மனுசி என்று பார்த்தாலே தெரிந்தது. முன்னைய உதயகுமாரி என்றால் அவளுடைய மூன்று தலைமுறையையும் விசாரித்திருப்பாள். இந்த உதயகுமாரி லேசாகச் சிரித்தாள், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கிழவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"ஏனம்மா அவவோடை கதைக்கேல்லை?"

"எனக்கு அந்தளவுக்குப் பாசை தெரியாது பிள்ளை. நான் ஏதும் கதைக்க, பிறகு உனக்குத்தான் கரைச்சல்."

"அம்மா, அண்டைக்கு ஹொஸ்டலிலை நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எண்டைக்கு?" உதயகுமாரி யோசித்தாள். "ஓ, அந்த ரீவிக்காரன் வந்த அண்டையோ? நீ சரியாத்தானே சொன்னனி. எனக்கு இஞ்சத்தைச் சட்டம் ஒண்டும் தெரியாதுதானே."

அம்மா கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்யலாம். இவள் கோபப்படவே இல்லை. மகள் படித்தவள், மகள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்படியே நம்பிவிட்டிருந்தாள். இதற்கு எந்த மன்னிப்பைக் கேட்பது?

"இப்ப அந்தச் சட்டமே இல்லை அம்மா. எடுத்துப் போட்டாங்கள். நீங்கள் ஆருக்கும் கதவு திறக்கலாம், ஆரோடையும் கதைக்கலாம்."

"அப்பிடியே? நல்லது" என்றாள் உதயகுமாரி. பிறகு மகளின் கையை ஆறுதலாகத் தடவிக்கொண்டு சொன்னாள்: "ஆனால் பிள்ளை, எனக்குத் தெரியாமல் வேறை ஏதாவது சட்டம் இருக்கும்தானே."