தாளத்துக்கு முன்னால் ஓடிய பிள்ளை

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளின் சங்கீத வகுப்பு காருக்குள் நடக்கிறது. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டின் பின்னால், வாகனத் தரிப்பிடத்தில், ஆதிரை சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் சம்மணம் போட்டு இருப்பாள். எதிரே செருகிய தொலைபேசியில் திருகோணமலையிலிருந்து ரஞ்சி டீச்சர் தெரிவார். நான் ஓடாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருப்பேன். நாயோடு உலாத்துகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த நாட்டில் ஞாயிறு முழுக்க ‘ரூஹெ’, அதாவது அமைதி. ஆணி அடிக்கக்கூடாது, வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாது. பாடலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. வகுப்பு வீட்டுக்குள் நடந்த காலத்தில் ஒருநாள் கீழ்வீட்டுப் பெண்மணி மணியடித்து, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா என்று விசாரித்தார். இவர்கள் முறைப்பாட்டை இப்படித்தான் சீனி தடவிச் சொல்வார்கள் என்பது என் முடிவு. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமையே வகுப்பைக் காருக்கு மாற்றினேன். பிறகு படிக்கட்டில் கண்டபோது, "பாட்டுச் சத்தத்தையே காணோம், கவலையாக இருக்கிறது" என்றார். அதையும் மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். வேறு விதமாகக் கேட்க எனக்கு இந்த நாட்டில் இன்னும் பழக்கம் வரவில்லை.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நான் கட்டைபறிச்சானில் வயலோடு வளர்ந்தவன். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து திருகோணமலைப் பட்டணத்துக்குப் போவதே எங்களுக்குப் பெரிய பயணம். என் மனைவி பட்டணத்துப் பிள்ளை, ரஞ்சி டீச்சரிடம் சின்ன வயதில் பாடியவள். இங்கே அவளுக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறும் வேலை. அதனால் வகுப்புக்குக் காவல் நான். மகளைப் பாட வைக்க நான் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் ஒன்றுதான். பத்து வயதாகும் ஆதிரை தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கெஞ்சியும் பார்த்தாயிற்று, ஏசியும் பார்த்தாயிற்று. அவள் வாயில் தமிழ் வருவது பாடும்போது மட்டும்தான். அப்போது ஒரு எழுத்தும் குழறாது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் கிழமை முழுக்கக் காத்திருந்தேன்.

முதல் மாதங்களில் டீச்சருக்குப் பெரிய குறை. "தம்பி, பிள்ளைக்குக் குரல் இருக்கு, தாளம் நிக்குதில்லை. பிந்திப் பிந்தி வாறா" என்பார். பிறகு மகளிடம், "மகள், நான் தட்ட முதலே பிடியுங்கோ. ஓம், இன்னும் கொஞ்சம் முந்தி" என்று சொல்லிக்கொடுத்தார். ஆதிரை தெண்டித்துப் பழகினாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதும் தொடையில் தட்டிக்கொண்டே போவாள். ஒருநாள் டீச்சர், "இப்ப சரி! கெட்டிக்காரி!" என்று கைதட்டினார். அன்றைக்கு நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். குரல் கடல்கள் தாண்டிப் போய்ச்சேரத் தாமதமாகும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வேலை செய்கிற எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊர் போனோம். ஆடிப்பூரத்தன்று டீச்சரின் மாணவர்கள் கோயிலில் சேர்ந்து பாடுவது வழமை. அதில் இருக்கப்போகிறேன் என்று ஆதிரை இங்கே பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருந்தாள். டீச்சரின் வீடு உட்துறைமுக வீதிக்குக் கிட்ட. அந்தப் பட்டணத்துக்குள் உலாவும் மான்கள் ஒழுங்கையில் நின்றன, அவள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. விறாந்தையில் பாய் விரித்து, பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். டீச்சர் தாளம் போட்டார். எல்லோருக்கும் முன்னால் ஆதிரையின் குரல் எழுந்தது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் முந்தினாள். பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். டீச்சர் அவளைத் தனியாகப் பாடவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளையில பிழையில்லை. போனில எனக்குச் சரியாக் கேக்கோணும் எண்டு நான்தான் இப்பிடிப் பழக்கிப்போட்டன்."

"மாத்தேலாதோ டீச்சர்?"

"மாத்தலாம். ஆனா பூரத்துக்கிடையில ஏலாது."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரோடு கோபிக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஆதிரை மட்டும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டும், டீச்சரின் கையைத் தொட்டுக்கொண்டும் பாடிப் பார்த்தாள். நன்றாக நினைத்துப் பாடும்போதுதான் கூடுதலாக முந்தினாள்.

பூரத்தன்று பட்டுப்பாவாடையோடு கோயிலுக்குப் போனோம். மேடைக்கு ஏறும் இடத்தில் டீச்சர் குனிந்து அவள் தலையைத் தடவி, "மகள், இண்டைக்கு மட்டும் சத்தம் விடாம வாயை அசைச்சாப் போதும், என்ன?" என்றார். ஆதிரை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் மற்றப் பிள்ளைகளின் பாட்டு தெருமுனைவரை கேட்டது. என் மகள் இரண்டாம் வரிசையில் இருந்து வாயை அசைத்தாள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சந்தோசத்தில். மைத்துனர் என் தோளில் தட்டி, "அத்தான், வெளிநாட்டுப் பிள்ளை எண்டு ஆரும் சொல்லமாட்டினம். என்ன மாதிரிப் பாடுறா!" என்றார். நான் சிரித்தேன். மனைவிக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் துறைமுகத்துக் கப்பல்களைக் காட்டி ஏதேதோ கதை கொடுத்துப் பார்த்தேன். "நாங்கள் எப்போது திரும்பிப் போகிறோம்?" என்று ஜெர்மனில் கேட்டாள். திரும்பிப் போவது என்றால் எனக்கு எப்போதும் திருகோணமலைதான். அவள் கேட்டது ஜெர்மனிக்குப் போகும் விமானத்தை.

ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிறு, வகுப்பு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். வழமைபோல வந்து பின்சீட்டில் இருந்தாள். டீச்சர் ஏதோ யோசித்து வைத்திருந்தார். இனித் தான் தாளம் போடுவதில்லையாம், பிள்ளை தன் கையிலேயே தட்டிப் பாடட்டுமாம், பிந்தி வந்தாலும் தான் கணக்கில் எடுக்காமல் கேட்பாராம். நல்ல யோசனைதான். "எங்க மகள், தொடங்குங்கோ" என்றார்.

காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து டீச்சரின் குரல் வந்தது: "தம்பி, பிள்ளை பாடுறது தெரியுது, சத்தம் வருகுதில்லை. லைன் பிரச்சினையோ?"

திரும்பிப் பார்த்தேன். மகள் கண்ணை மூடியிருந்தாள். தொடையில் கை பிசகாமல் தட்டியது. சொல் சொல்லாக வாய் திறந்து மூடியது, முழுப்பாட்டுக்கும், தொண்டையிலிருந்து ஒன்றும் வராமல்.

"ஓம் டீச்சர்," என்றேன். "லைன்தான்."