ரோஸியின் கரடியைத் தொட்ட கை

ஞானம்மாள் அக்கா போய்விட்டார் என்ற செய்தி அருமனை பஸ்ஸில் வந்தது. அங்கே தம்பி வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கிறார் என்று தெரியும். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றுதான் அவருடைய மேஜையைத் துடைத்து வைத்திருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த தம்பி மகள் தையல் அறை வாசலில் நின்று, "அத்தை காலையில போயிட்டாவ," என்றாள். என் கையில் கத்தரி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

உடலை நம் கோயில் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். அடக்கத்தில் சபைப் பெண்கள் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். கடைசியில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "எல்லாம் செரிதான், அந்தப் பிள்ளைக்க பொம்மையில அப்பிடிச் செய்திருக்கப்பிடாது," என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சு அவரோடு குழிக்குள் போய்விடும் என்றிருந்தேன். போகவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன்.

மதாம்மா நடத்தும் எங்கள் தையல் அறையில் சீமைக்கு அனுப்பக் கரடிப் பொம்மைகள் செய்கிறோம். மோஹேர் என்று ஒரு துணி கப்பலில் வரும். ஆட்டு முடியில் நெய்தது, ஒரு பக்கம் முழுக்க முடி நிற்கும். நான் அதை வெட்டிக் கொடுப்பேன், மற்றவர்கள் தைத்து இலவம்பஞ்சு திணிப்பார்கள். அதுவரை அது வெறும் மூட்டை. அக்காவின் மேஜைக்குப் போய் வந்தால்தான் கரடி. தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக வெளியே இழுப்பார். கொதிக்கும் கெண்டியின் மூக்கில் வரும் ஆவியில் காட்டி, படிந்த முடியை எழுப்புவார். கம்பி பிரஷால் சீவுவார். கடைசியில் மூக்கைச் சுற்றி மட்டும் கத்தரிப்பார், அப்போதுதான் முகம் வரும். யாராவது அவசரப்பட்டால், "பைய வெட்டு, ஏட்டி. இது ஒனக்க தலைமுடியா, அடுத்த மாசம் வளர்றதுக்கு?" என்பார்.

தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க அவருக்குக் கூச்சமே கிடையாது. வேலைக்கு வந்த முதல் வாரம், முடி படியவில்லை என்று ஆறு கரடிகளுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்துச் சீவி, வரிசையாக உட்கார வைத்தாராம். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற பிள்ளைக மாதிரி அம்சமா இருந்துது. மதாம்மாவுக்குத்தான் பேச்சு வரல்ல," என்பார். அந்த ஆறும் குப்பைக்குப் போயின.

இனி அந்தப் பொம்மைக்கு வருகிறேன். பக்கத்து லேஸ் அறையில் வேலை செய்யும் மேரி தங்கத்துக்கு ஒரே மகள், ரோஸி. காது ஒன்று ஏறி ஒன்று இறங்கிப் போனதால் சீமைக்கு அனுப்ப முடியாத ஒரு கரடியை மதாம்மா அவளுக்குக் கொடுத்திருந்தார். நான்கு வயதில் காய்ச்சல் வந்து குழந்தை இறந்துபோனாள். நோயில் கிடந்த நாளெல்லாம் கரடியின் வயிற்றில் தலைவைத்துத்தான் கிடந்தாளாம். சில வாரம் கழித்து மேரி அந்தக் கரடியை அக்காவிடம் கொண்டுவந்தாள். அதன் ஒரு கை பிரிந்து தொங்கியது. கையை மட்டும் தைத்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் அப்போது அங்கே இல்லை.

கையைத் தைத்து வைத்துவிட்டு அக்கா மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மேஜைமேல் கரடியைப் பார்த்தேன். வயிற்று முடி எண்ணெய்ப் பிசுக்கில் கட்டியாகிக் கிடந்தது. ஒரு காதைக் குழந்தை சப்பிச் சப்பி முடி திரிந்துபோயிருந்தது. ரோஸியுடையது என்று எனக்குத் தெரியும். புதிதாக்கிக் கொடுத்தால் மேரியின் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அக்கா செய்வதைப் பார்த்திருந்த தைரியம் வேறு. சீயக்காய்த் தண்ணீரால் ஒற்றி எடுத்தேன். உலர வைத்து, கட்டிகளை ஊசியால் பிரித்து, ஆவி காட்டிச் சீவினேன். சப்பிய காதின் முடியைக் கத்தரித்தேன். வேலை நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

அக்கா திரும்பி வந்த காலையில் மேரியும் வந்தாள். கரடியை எடுத்து முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். திருப்பி, வயிற்றில் முகம் வைத்து மறுபடியும் மோந்தாள்.

"எனக்க பிள்ளைக்க மணம் எங்கே?" என்று கேட்டாள்.

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆருக்க கை பட்டுது இதுல?"

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பயந்து நின்றேன். அக்கா கரடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எனக்க கைதான், மேரி," என்றார்.

மேரி ஏசவில்லை. அன்றிலிருந்து அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஏழு வருஷம். கோயிலில் அக்கா வந்து உட்காரும் பெஞ்சிலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவாள். அதை ஊரே பார்த்தது. ஊரே பேசியது.

அன்று மாலையே அக்காவிடம், "ஏன் யக்கா அப்பிடிச் சொன்னிய?" என்று அழுதேன். "எங்கிட்டயில்லா தந்தா. தொடாதேன்னு உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கல்யாணத்துக்கு ஓடினவ நான்," என்றார். நான் போய் மேரியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஒனக்குத் தோணும்போ சொல்லு, மக்கா," என்றார். ஏழு வருஷமும் எனக்குத் தோன்றவில்லை. அவரும் ஒருநாள்கூட ஞாபகப்படுத்தவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மேரி வீட்டுக்குப் போனேன். லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றுபோனது. ஏசுவாள், அடித்தாலும் பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

லேஸை மடியில் வைத்து, "நான் அவளுக்க அடக்கத்துக்குப் போவல்லியே," என்றாள். பிறகு லேஸை மறுபடியும் எடுத்து, "நீ போ," என்றாள்.

அக்காவின் கைவேலையையும் சிரிப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுக்கும் உரியவை. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். இனி அந்தப் பொம்மையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் வெட்டு மேஜை அன்னபாக்கியம் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.