புள்ளி வைத்த சுரம்

யாரிடம் பியானோ படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. யாரிடமும் இல்லை என்பேன். சிரிப்பார்கள். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டில் வேலை செய்திருப்பாள், அந்த அம்மா இரக்கப்பட்டு நாலு பாட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று அவர்களே கதையை முடித்துக்கொள்வார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அதனால் இத்தனை வருசம் விட்டுவிட்டேன். எழுதுவதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எழுதிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். தோட்டத்து நடுவில், கல்லால் கட்டிய சின்ன வேதக்கோயில். அதற்குள், துரைமார் கிளப்பில் வேண்டாமென்று தள்ளிய ஒரு பழைய பியானோ. மழை மாதங்களில் கட்டைகள் ஊதிவிடும். அழுத்தினால் கீழே போகும், மேலே வராது, நகத்தால் தூக்கிவிட வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் நான் கொழுந்தெடுக்கப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலைப் பெருக்குவதும் பியானோவைத் துடைப்பதும் என் பொறுப்பு.

பியானோ வாசித்தது பெரிய துரையின் துரைசாணி. அவர் என்னிடம் பேசியதில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தமிழ் ஆராதனையில் கடைசியாகப் பாடிய ஞானப்பாட்டு எதுவோ, மெட்டுப் புத்தகத்தில் அதன் பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போவார். அடுத்த ஞாயிறு நான் துடைக்க வரும்போது அந்தப் பக்கம் விரிந்து கிடக்கும். பாட்டு என் நெஞ்சில் இருந்தது. அதன் எழுத்து கண் முன்னால் இருந்தது. அப்புறம் என்ன?

ஐந்து கோடு, அதன்மேல் குண்டு குண்டாகத் தலைகள். அடுக்கில் மேலே இருக்கும் தலைகளை மட்டும் பார்த்து, பாட்டின் ஒவ்வோர் அசையையும் மெதுவாகச் சொல்லி ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டு போனேன். அடி முடிந்த இடத்தில் தலையும் முடிந்தது. குரல் ஏறுகிற இடத்தில் தலையும் கோட்டில் ஏறியது. எந்தக் கட்டையில் ஆரம்பிப்பது என்று தெரிய மூன்று ஞாயிறு போனது. கறுப்புத் தலை சும்மா வருவது, வெள்ளைத் தலை இழுப்பது, வால் முளைத்தது ஓடுவது. இதெல்லாம் பாட்டே எனக்குக் காட்டியது. ஒரு வருசத்துக்குள் ஆறு பாட்டு.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"கொழுந்துக் கறை புடிச்ச வெரல வச்சுக்கிட்டு வெள்ளக் கட்டையத் தொடாதடி. அச்சு விழுந்துரும்."

புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு போனேன். அப்படியும் விழுந்தது.

பிறகு பெரிய துரை சீமைக்கே போய்விட்டார், துரைசாணியும் போனார். வாசிக்க ஆளில்லை. கோயில் காரியம் பார்த்த, தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் ஐயா, "பாடத்தான் வாய் இருக்குல்ல," என்று சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் சனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பாடினார்கள். ஒரு ஞாயிறு, எனக்குத் தெரிந்த ஆறில் ஒன்றை, ஆராதனை நடத்தும் உபதேசியார் அறிவித்தார். நான் எழுந்து போய் உட்கார்ந்து வாசித்தேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கிளாக்கர் ஐயா வந்து கட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"ஓ, இந்தக் கறை எல்லாம் நீ வச்சதுதானா?"

உபதேசியார்தான் பேசினார். "நல்லாத்தானே வாசிச்சுச்சு அந்தப் புள்ள. வாசிக்கட்டுமே ஐயா."

"வாசிக்கலைங்க உபதேசியார். காதுல கேட்டத அடிக்குது. மைனாவும்தான் பேசுது, அதுக்கு எழுத்துத் தெரியுமா?" என்றவர் புத்தகத்தைப் புரட்டி, எங்கள் கோயிலில் ஒருநாளும் பாடாத ஒரு பக்கத்தை எடுத்து வைத்தார். "இது எங்க வீட்டு கிராமபோன்ல இருக்கு, எனக்குத் தெரியும். இதப் பாத்து வாசி. வாசிச்சிட்டா பியானோப் பொட்டிச் சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும். இல்லாட்டி இந்தப் பக்கம் வரப்படாது."

அந்தப் பக்கத்தில் நான் காணாத ஒன்று இருந்தது. சில தலைகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் படித்த ஐந்தாம் வகுப்பில் புள்ளிக்கு ஒரே வேலைதான். க மேல் புள்ளி வைத்தால் க். சத்தம் அடங்கிவிடும். இங்கிலீசுக்காரன் எல்லாவற்றையும் பக்கவாட்டில் எழுதுகிறவன், புள்ளியையும் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். புள்ளி வந்த இடமெல்லாம் தொட்டதும் விட்டேன். க், ட், ப் என்று பாட்டு முழுக்க வெட்டு வெட்டாக வந்தது.

"என்னா, பாட்டுக்கு விக்கல் வந்திருச்சா? யாராச்சும் தண்ணி குடுங்க," என்றார் கிளாக்கர் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கூடக் குடியிருக்கிற ஆட்களும்தான் சிரித்தார்கள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "லயத்துப் புள்ளைக்கு லயம் எங்கருந்து வரும்?" என்று சொல்லிக்கொண்டே மூடியைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா உபதேசியாரிடம் கேட்டாள். "லயத்துல இருக்கிற புள்ளைக்கு லயம் இல்லையாமே, அது என்னாங்க பேச்சு?"

"அது வேற லயம்மா. பாட்டோட காலக்கணக்க அப்பிடிச் சொல்றது. எனக்கும் அதுக்கு மேல தெரியாது." என் கையில் அந்த மெட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "கொண்டு போ. பொட்டிக்குத்தான் பூட்டு, புத்தகத்துக்கு இல்ல."

காலக்கணக்கு. அந்தச் சொல்லோடுதான் மறுநாள் மலைக்குப் போனேன். சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து புத்தகத்தை விரித்தேன். ஐந்து கோட்டைக் குறுக்கே வெட்டி நெட்டுக்குத்தாகக் கோடுகள் இருந்தன. அதுவரை அவற்றை நான் கண்டுகொண்டதே இல்லை. பார்த்தால் எங்கள் லயமேதான். நீளமான ஒரே கட்டடம், நடுவில் சுவர், சுவருக்குச் சுவர் ஒரு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. எனக்குத் தெரிந்த பாட்டில் காம்பரா காம்பராவாக எண்ணினேன். கறுப்புத் தலைக்கு ஒன்று, வெள்ளைக்கு இரண்டு, வாலுக்கு அரை. ஒவ்வொரு காம்பராவிலும் நாலு. தலை கூடினாலும் குறைந்தாலும் கணக்கு நாலுதான்.

கிளாக்கர் ஐயா வைத்த பக்கத்தை எண்ணினேன். முதல் காம்பராவில் புள்ளி வைத்த ஒரு கறுப்பு, ஒரு வால், ஒரு வெள்ளை. நான் வெட்டிய மாதிரி, புள்ளி வைத்ததை அரையாக எண்ணினால் மூன்றுதான் வந்தது. புள்ளியே இல்லையென்று எண்ணினால் மூன்றரை. அரை குறைகிறது. அடுத்த காம்பராவில் புள்ளி வைத்த வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்று. அங்கே ஒன்று குறைகிறது. அந்த அரையும் ஒன்றும் எங்கே போயின? ஒன்றில் பாதி அரை, இரண்டில் பாதி ஒன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும் அதற்கு. புள்ளி சத்தத்தை அடக்கவில்லை. தான் ஒட்டியிருக்கும் தலையின் பாதியைக் கூட்டித் தருகிறது. நம் எழுத்தில் குறைக்கிற அதே புள்ளி!

அந்த வாரம் முழுக்க கூடை விளிம்பில் ஒன்றரை, அரை, ரெண்டு என்று தட்டிக்கொண்டே கொழுந்து எடுத்தேன். பக்கத்து நிரைக்காரி, "என்னாடி, கூடைக்குள்ள எலி கிலி இருக்கா?" என்றாள்.

ஞாயிறு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு கிளாக்கர் ஐயாவிடம் போனேன். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த ஒரே பேச்சு.

"பொட்டியத் தொறந்து விடுங்க ஐயா."

"போன வாரம் பட்டது பத்தலையா?"

"தொறந்து விடுங்க."

இன்னொரு தடவை சிரிக்கலாம் என்றுதான் திறந்தார். நான் அந்தப் பக்கத்தையே வைத்து வாசித்தேன். முதல் அடி முடிவதற்குள், அதுவரை குலுங்கிக்கொண்டிருந்த அவர் தோள் நின்றுவிட்டது. கடைசி அடியில் ஒரு கட்டை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. நகத்தால் தூக்கிவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க."

"பொய் சொல்லாத. எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு கிராமபோன் கேட்டியா?"

"இல்லீங்க. புள்ளி கொறைக்கலீங்க ஐயா, கூட்டுது."

அவருக்கு விளங்கவில்லை. கோயிலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இங்கிலீசு படித்த மனுசர், அந்தப் புள்ளி எதற்கென்று தெரியாமலே அதை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. கூச்சம் இருந்தது, அது எனக்கு எல்லோரிடமும் உண்டு.

"சரி சரி, எந்திரி. ஆராதனைக்கு நேரமாச்சு," என்று மூடியின் மேல் கை வைத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. கட்டைகளின் மேலிருந்து கையையும் எடுக்கவில்லை. கறை பிடித்த பத்து விரல் அங்கே இருக்கிறவரை அந்த மூடியைச் சாத்த முடியாது. சாத்துவதென்றால் என் விரல்மேல்தான் சாத்த வேண்டும். அவர் நின்றார். நான் எதிரே இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பாட்டை அறிவித்தார். எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். வாசிக்க ஆரம்பித்தேன், சனங்கள் எழுந்து நின்று பாடினார்கள்.

மூன்றாம் அடியில் என் இடது பக்கம் பலகைமேல் 'டக்'கென்று ஒரு சத்தம். சாவி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த காம்பராவில் வெள்ளைத் தலை ஒன்று இருந்தது, அதற்கு இரண்டு எண்ண வேண்டியிருந்தது.