ஸ்கேலும் இரட்டைப் புள்ளியும்

டக் டக் டக் டக். செல்வலட்சுமி ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி, திரையில் ஓர் இரட்டைப் புள்ளியை (:) வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார். 'பெயர்' என்பதற்குப் பின்னால் வரும் புள்ளியும் 'தகப்பனார் பெயர்' என்பதற்குப் பின்னால் வரும் புள்ளியும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். நின்றதாகத் தோன்றியதும் இரும்பு ஸ்கேலை மானிட்டர் மேல் நெட்டுக்குத்தாக வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்.

"த்சு. அர ஸ்பேஸ் இட்ச்சிகினு கீது."

அதற்கும் வழி வைத்திருக்கிறார். ஒரே ஒரு வெற்றிடத்தைப் பிடித்து அதன் எழுத்தளவை மட்டும் குறைப்பார். இப்படியொரு அநியாயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஜெராக்ஸ் கடை அவருடையது. கம்பெனி வேலைக்கு அலைகிற பிள்ளைகளெல்லாம் பயோடேட்டாவுக்கு இங்கேதான் வருகிறார்கள். ஒரு பயோடேட்டா முடிவதற்குள் போய் டீ குடித்துவிட்டு வரலாம், வடையும் தின்னலாம்.

அடிக்கடி ஜெராக்ஸ் எடுக்கப் போகிற நானும், ஒரே தட்டில் வரிசையாக நிறுத்துகிற டேப் பட்டனைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

"அத்த தட்னா அது இஷ்டத்துக்கு எகிறிக்கினு எங்கியோ போயி நிக்குது சார். ஸ்பேஸ்னா நம்ம சொன்ன எடத்துல நிக்கும்."

எனக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அவர் யாருக்கும் ஃபைலாகக் கொடுக்கமாட்டார், பிரிண்ட்தான். போன வாரம் அந்த வழக்கம் உடைந்தது. வடக்குப்பட்டுப் பூஜாவிடம் ஒரு கம்பெனி வேர்டு ஃபைலாகத்தான் வேண்டும் என்று கேட்டது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவளை அத்தை மகனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் முடிவு. செல்வலட்சுமி மனமில்லாமல் மெயில் அனுப்பினார்.

மறுநாள் நான் கடையில் இருக்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் பூஜா அழுதாள்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட! இவங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு புள்ளிலாம் எங்கெங்கியோ நிக்குது. என் மார்க்கு கீழ எறங்கி போன் நம்பரோட ஒட்டிக்கினு கீது. லஞ்சுக்குள்ள பிரிண்டாவது சரியா குட்த்தாதான் இண்டர்வியூன்றாங்கக்கா."

செல்வலட்சுமி பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரில் இல்லை. எழுத்தின் அகலம் மாறியதும் தட்டித் தட்டிச் சேர்த்த ஸ்பேஸெல்லாம் சரிந்துவிட்டது.

"அவங்க கம்ப்யூட்டர் கோணலு" என்றார் செல்வலட்சுமி. ஆனால் முகம் வெளிறிவிட்டது. பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டார். ஸ்கேலும் கைப்பைக்குள் போனது, எதற்கென்று தெரியவில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோவைப் பிடித்தார். எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி, நானும் ஏறிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டில் பூஜா காகிதத்தைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். செல்வலட்சுமி வெயிலில் நின்று நகத்தைக் கடித்தார்.

"அந்த அத்த பையன் உருப்படாத கேஸு சார். பாவம், என்னால பூஜா வாழ்க்க போயிடப் போவுது." டேப்பைப் பற்றிப் பேச அது நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது.

வெகுநேரம் கழித்து பூஜா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். "எட்த்துக்கினாங்கக்கா! திங்கக்கெழம ஜாயினிங்!"

செல்வலட்சுமி அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்ததும் கேட்டார்: "ரெண்டு புள்ளிலாம் நேரா கீதான்னு பாத்தாங்களா?"

"அத்த யாருக்கா பாத்தாங்க? மார்க்க மட்டும் பாத்துட்டு மட்ச்சி ஃபைல்ல சொருகிட்டாங்க."

செல்வலட்சுமியின் சிரிப்பு அப்படியே நின்றது. பூஜா அதைக் கவனிக்காமல், கம்பெனி கொடுத்த ஜாயினிங் ஃபாரத்தை செக்யூரிட்டி மேசையில் விரித்தாள். கம்பெனியே அச்சடித்த ஃபாரம். பெயருக்கு ஒரு இடத்தில் புள்ளி, முகவரிக்கு இன்னொரு இடத்தில், ரத்தப் பிரிவுக்கு எங்கோ ஓரத்தில்.

பூஜா எழுதப் போனாள்.

"இரு" என்று அவள் கையைப் பிடித்தார் செல்வலட்சுமி. கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஃபாரத்தின் மேல் நெட்டுக்குத்தாக வைத்து, ஒரு கண்ணை மூடினார்.